நீரிறைக்கும் மின்மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தல்

திருகோணமலை மாவட்டத்துக் கமக்காரர்கள் இருவகை நீரை நம்பிப் பயிர் செய்கின்றனர். தம்பலகாமம் முதலிய பகுதிகளின் வயல்கள் கந்தளாய்க் குளத்து நீரால் விளைகின்றன. நிலாவெளி, குச்சவெளி முதலிய கரையோரக் கிராமங்களின் வெங்காய, மிளகாய், கத்தரித் தோட்டங்களோ மணற்றரையில் தோண்டிய ஆழங்குறைந்த கிணறுகளையே நம்பியிருக்கின்றன. வாடைக்காற்றோடு வரும் மாரிமழை நின்றபின், கச்சான் வீசும் கோடை மாதங்களில் தோட்டத்துக்குக் கிணற்றைத் தவிர வேறு துணை இல்லை.

துலாவினால் நீர் இறைத்த காலத்தில் கிணற்றுக்கு ஆபத்து இருக்கவில்லை. மனிதன் இறைக்கும் வேகமும் கிணறு ஊறும் வேகமும் பெரும்பாலும் ஒத்திருந்தன. பின்னர் மண்ணெண்ணெய் இயந்திரம் வந்தது. அதன்பின் மின்மோட்டர் வந்தது. 2022ஆம் ஆண்டில் நாட்டில் எரிபொருள் தட்டுப்பாடு நேர்ந்தபோது மண்ணெண்ணெய் கிடையாது பல தோட்டங்கள் வாடின. மின்சாரமும் நாளொன்றுக்குப் பல மணித்தியாலங்கள் தடைப்பட்டது. சூரிய ஒளியால் இயங்கும் நீர்ப்பம்பிகளின் பயன் அப்போது நன்கு விளங்கிற்று.

மின்மோட்டரில் நன்மைகள் பல. எனினும் ஒரு குறை உண்டு. வெறுமனே மின்சாரத்தோடு இணைக்கப்பட்ட மோட்டர் ஒரேயொரு வேகத்தையே அறியும். கிணறு நிறைந்திருப்பினும் வற்றியிருப்பினும் அது அதே வேகத்தில் இறைக்கும். இந்தக் குறையை நீக்கும் முறையொன்றை இத்துண்டுப் பிரசுரம் விளக்குகின்றது. அதன் பெயர் துடிப்பகல மட்டிசைப்பு. கடைகளில் இதனைப் பி.டபிள்யூ.எம். என்று குறிப்பிடுவர். பெயர் கடினமாயினும் பொருள் எளிது.

விரைந்து இறைப்பதனால் கிணற்றுக்கு நேரும் தீங்கு

கரையோர மணலின் கீழே நன்னீர், உவர்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கின்றது. கடல்நீர் நன்னீரைக் காட்டிலும் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனமானது. ஆதலால் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 மீற்றர் வரை நன்னீர் நிற்க இயலும். ஒல்லாந்தரான கிபென் என்பவரும் ஜேர்மனியரான ஹெர்ஸ்பேர்க் என்பவரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை அடுத்த ஆண்டுகளில் தனித்தனியே இவ்விதியைக் கண்டறிந்தனர்.

இவ்விதியின் மறுபக்கத்தைக் கமக்காரர் மறத்தலாகாது. கிணற்றின் நீர்மட்டம் நெடுநேரம் தாழ்ந்து நிற்குமாயின், அத்தாழ்வின் பன்மடங்கு அளவுக்குக் கீழேயுள்ள உவர்நீர் மேலெழ முயலும். கிணற்றின் அடியில் அது கூம்பு வடிவாக எழுந்து, ஒருநாள் பம்பியின் வாயை எட்டிவிடும். அன்றிலிருந்து பாத்திக்குப் பாய்வது உப்பு நீரே. உவர்ப்பேறிய கிணறு மறுபடி நன்னீராவதற்கு மாரிமழை பெய்தல் வேண்டும். சிலவேளை ஒரு மாரியும் போதாது.

பயிர்கள் எல்லாம் உப்பை ஒரேயளவில் பொறுப்பதில்லை. நீரின் உப்பை அதன் மின்கடத்துதிறனைக் கொண்டு அளப்பர். பாய்ச்சும் நீரில் அது மீற்றருக்கு 0.8 டெசிசீமெனைத் தாண்டினாலே வெங்காயத்தின் விளைச்சல் குறையத் தொடங்கும். மிளகாய் இனம் 1.0 வரையும் நெல் 2.0 வரையும் தாங்கும் எனக் கொள்ளப்படுகின்றது. ஆகவே கரையோரத்தில் மிகுதியாகப் பயிரிடப்படும் வெங்காயமே உப்புக்கு மிக எளிதில் இரையாகின்றது.

நீர்மட்டம் எவ்வளவு தாழும் என்பது பெரும்பாலும் இறைக்கும் வேகத்தைப் பொறுத்தது. மணித்தியாலத்துக்கு 12,000 இலீற்றர் இறைக்கும்போது ஒரு கிணற்றின் மட்டம் 60 சதமமீற்றர் தாழ்வதாகக் கொள்வோம். மணித்தியாலத்துக்கு 6,000 இலீற்றராக இரண்டு மணித்தியாலம் இறைத்தால், தோட்டத்துக்குக் கிடைக்கும் நீர் அதேயளவு. மட்டம் தாழ்வதோ ஏறக்குறைய 30 சதமமீற்றர் மட்டுமே. ஆறுதலாக இறைப்பது கிணற்றைக் காக்கும் என்பதன் காரணம் இதுவேயாம்.

வேகத்தைக் குறைக்கும் பழைய முறைகள்

நீரின் அளவைக் குறைப்பதற்குப் பலர் குழாயிலுள்ள வால்வைப் பாதி மூடுகின்றனர். இதனால் நீர் குறையும். ஆனால் மோட்டர் முழுவேகத்திலேயே சுழன்று, மூடிய வால்வோடு மல்லுக்கட்டி மின்சாரத்தை வீணாக்கும்.

சிறிய நேரோட்ட மோட்டர்களுக்குத் தடையொன்றைத் தொடுத்து வேகத்தைக் குறைப்பது மற்றொரு பழைய முறை. 24 வோல்ற்றுப் பற்றரியிலிருந்து ஒரு மோட்டருக்கு 12 வோல்ற்று மட்டும் வேண்டும் என்றும், அது 5 அம்பியர் ஓட்டத்தை எடுக்கின்றது என்றும் கொள்வோம். மிகுதி 12 வோல்ற்றும் தடையில் விழும். 12ஐ 5ஆற் பெருக்கினால் 60 உவாற்று. மோட்டர் பெறுவதும் 60 உவாற்று. தடை வெப்பமாக வீசியெறிவதும் 60 உவாற்று. பாதிச் சக்தி காற்றோடு போகின்றது. சூரியத் தகட்டை விலைகொடுத்து வாங்கியவர் இதனைப் பொறுப்பாரோ?

துடிப்பகல மட்டிசைப்பு என்பது யாது?

குளத்துத் துருசொன்றை நினைத்துப் பாருங்கள். வாய்க்காலுக்கு முழு நீரில் நூற்றுக்கு 60 பங்கு மட்டும் வேண்டும். துருசின் கதவை நடுவில் நிறுத்தாமல், பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் முழுவதும் திறந்தும் நான்கு நிமிடம் முழுவதும் மூடியும் வைத்தால், வயலுக்குச் சேரும் மொத்த நீர் நூற்றுக்கு 60 பங்காகவே அமையும். வயலில் நீர் தேங்கி நிற்பதால் பயிர் இந்தத் திறப்பையும் மூடலையும் உணர்வதில்லை.

துடிப்பகல மட்டிசைப்பும் இவ்வாறே நடைபெறுகின்றது. இங்கே துருசுக்குப் பதிலாகத் திரான்சிற்றர் என்னும் மின்னணு ஆளி உண்டு. அது செக்கனுக்குப் பல ஆயிரம் தடவை மின்னோட்டத்தைத் திறந்து மூடும். ஒவ்வொரு திறப்பும் ஒரு துடிப்பு ஆகும். துடிப்பு நீடிக்கும் நேரம் அதன் அகலம் எனப்படும். அகலத்தைக் கூட்டினால் மோட்டரின் வேகம் கூடும். குறைத்தால் வேகம் குறையும். 24 வோல்ற்று மின்னை நூற்றுக்கு 60 பங்கு நேரம் திறந்து வைத்தால், மோட்டர் பெறும் சராசரி வோல்ற்றளவு 14.4 ஆகும்.

இம்முறையில் சக்தி ஏன் வீணாவதில்லை? ஆளியில் உண்டாகும் வெப்பம், அதன் குறுக்கேயுள்ள வோல்ற்றளவையும் அதனூடாகச் செல்லும் ஓட்டத்தையும் பெருக்கிவரும் அளவாகும். ஆளி முற்றாகத் திறந்திருக்கும்போது ஓட்டம் மிகுதி. வோல்ற்றளவு ஏறக்குறையப் பூச்சியம். முற்றாக மூடியிருக்கும்போது வோல்ற்றளவு மிகுதி, ஓட்டம் பூச்சியம். எந்நிலையிலும் பெருக்கம் மிகச் சிறிதே. மேற்கூறிய மோட்டரில் 60 உவாற்று வீணான இடத்தில், நல்ல திரான்சிற்றர் ஆளி வீணாக்குவது சில உவாற்றுகளுக்கு மேற்படாது.

மோட்டரினுள் நிகழ்வது

மோட்டரின் கம்பிச் சுருளுக்கு ஓர் இயல்பு உண்டு. தன்னூடாகச் செல்லும் ஓட்டம் திடீரென மாறுவதை அது எதிர்க்கும். ஆதலால் வோல்ற்றளவு வெட்டி வெட்டி வந்தாலும் ஓட்டம் ஏறக்குறைய ஒரே சீராகவே பாயும். ஆளி மூடியிருக்கும் கணங்களில் இவ்வோட்டம் சுற்றிவருவதற்கு வழியொன்று வேண்டும். அவ்வழியை இருவாயி என்னும் சிறு உறுப்பு தருகின்றது. இருவாயி இல்லாவிடின் சுருளின் எதிர்ப்பினால் உயர்ந்த வோல்ற்றளவு தோன்றித் திரான்சிற்றரை எரித்துவிடும்.

துடிப்புகள் மிக மெதுவாக வந்தால் மோட்டர் அதிர்ந்து இரையும். செக்கனுக்கு 16,000 முதல் 20,000 வரை வந்தால் அவ்விரைச்சல் பெரும்பாலோரின் செவிக்கு எட்டாது. அதற்கு மேலும் கூட்டினால், ஒவ்வொரு திறப்பிலும் மூடலிலும் ஏற்படும் சிறு இழப்புக்கள் திரண்டு ஆளியைச் சூடேற்றும்.

சூரியத் தகட்டினால் இயங்கும் நேரோட்டப் பம்பிக்கு இம்முறை மிகவும் ஏற்றது. காலை வெயிலிலும் முகில் மறைப்பிலும் தகடு சிறிதளவு சக்தியையே தரும். அந்நேரத்தில் மோட்டரை முழுதாக இணைத்தால் தகட்டின் வோல்ற்றளவு வீழ்ந்து மோட்டர் நின்றுவிடும். தகுந்த கட்டுப்படுத்திக் கருவி துடிப்பின் அகலத்தைத் தானே சுருக்கி, கிடைக்கும் சக்திக்கேற்ப மோட்டரை மெதுவாகவேனும் சுழலச் செய்யும். உச்சி வெயிலில் அகலத்தை விரிக்கும்.

மின்சார சபையின் மின்னால் இயங்கும் மோட்டர்கள்

வீட்டுக்கும் தோட்டத்துக்கும் வரும் மின் ஆடலோட்டம் ஆகும். ஒருகட்ட இணைப்பில் அது 230 வோல்ற்று. முக்கட்ட இணைப்பில் 400 வோல்ற்று. இரண்டிலும் மீடிறன் செக்கனுக்கு 50. சாதாரண ஆடலோட்டத் தூண்டல் மோட்டரின் வேகம் வோல்ற்றளவைக் காட்டிலும் மீடிறனையே பெரிதும் சார்ந்தது. இருமுனைவு மோட்டரில் காந்தப்புலம் நிமிடத்துக்கு 3,000 தடவை சுழலும். மோட்டர் சற்றுப் பின்தங்கி ஏறக்குறைய 2,850 தடவை சுழலும். ஆகவே வேகத்தைக் குறைப்பதற்கு மீடிறனைக் குறைத்தல் வேண்டும்.

மீடிறன் மாற்றி என்னும் கருவி இதனைச் செய்கின்றது. வரும் ஆடலோட்டத்தை முதலில் நேரோட்டமாக மாற்றி, பின்னர் ஆறு ஆளிகளால் அதனைத் துடிப்புகளாக வெட்டுகின்றது. துடிப்புகளின் அகலத்தைச் சிறிது சிறிதாக விரித்தும் சுருக்கியும் வேண்டிய மீடிறனுள்ள அலையை அது ஆக்கும். மீடிறனைக் குறைக்கும்போது வோல்ற்றளவையும் அதே விகிதத்தில் குறைத்தல் வேண்டும். 50க்கு 400 வோல்ற்று எனின் 40க்கு 320 வோல்ற்று. அன்றேல் மோட்டரின் இரும்பு காந்தத்தால் நிறைவுற்றுச் சுருள் சூடாகும். துடிப்பகல முறையால் ஆடலோட்ட மோட்டரை இவ்வாறு கட்டுப்படுத்தும் வழியைச் சுவிற்சர்லாந்தின் பிரவுண் பொவெரி நிறுவனத்தைச் சேர்ந்த சோனுங், ஸ்ரெம்லர் ஆகிய இருவரும் 1964இல் விளக்கி எழுதினர். பிற்காலத்தில் திரான்சிற்றர் மலிவானபோது இம்முறை ஆலைகளிலிருந்து தோட்டங்களுக்கும் வந்தது.

இங்கு ஓர் எச்சரிக்கை. சிறு தோட்டங்களில் பெரும்பாலும் காணப்படுவது கொள்ளளவி பொருத்திய ஒருகட்ட மோட்டர் ஆகும். அதன் வேகத்தைக் குறைக்க மின்விசிறிக் கட்டுப்படுத்தியையோ விளக்கின் ஒளி குறைக்கும் கருவியையோ இணைத்தல் கூடாது. மோட்டர் திணறிச் சூடாகி, சுருள் எரியும். அத்தகைய தோட்டத்துக்கு வேறொரு வழி உண்டு. ஒருகட்ட 230 வோல்ற்றை ஏற்று முக்கட்ட 230 வோல்ற்றாக வெளியிடும் சிறு மீடிறன் மாற்றிகள் உள்ளன. பெயர்த்தகட்டில் 230/400 எனக் குறித்த முக்கட்ட மோட்டரை முக்கோண இணைப்பில் இதனோடு பொருத்தலாம்.

எவ்வளவுக்குக் குறைக்கலாம்?

மையநீக்கப் பம்பியின் வேகத்தைக் குறைக்கும்போது நீரின் அளவு வேகத்தின் விகிதத்திலும், நீரை உயர்த்தும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்திலும், வேண்டிய வலு வேகத்தின் கனத்திலும் குறையும்.

வேகம் நூற்றுக்கு 90 எனின்: நீர் 90, உயர்த்தும் ஆற்றல் 81, வலு 73.
வேகம் நூற்றுக்கு 80 எனின்: நீர் 80, உயர்த்தும் ஆற்றல் 64, வலு 51.
வேகம் நூற்றுக்கு 70 எனின்: நீர் 70, உயர்த்தும் ஆற்றல் 49, வலு 34.

இவை முழுமையாகப் பொருந்துவது, பம்பியின் வேலை பெரும்பாலும் குழாயின் உராய்வை வெல்வதாக உள்ள இடத்திலேயே. நீரை உயரத்துக்குத் தூக்கும் வேலை வேகத்தைக் குறைப்பதால் குறைவதில்லை. ஆகையால் நீண்ட, ஒடுங்கிய குழாயுள்ள தோட்டத்தில் மின்சாரச் சேமிப்பு மிகுதி. குறுகிய குழாயுள்ள தோட்டத்தில் அது சிறிது. அங்கே பெறும் பெரிய இலாபம் கிணற்றின் பாதுகாப்பே.

மேலும், வேகத்தை அளவுக்கு மீறிக் குறைத்தால் நீரே வராது. முழுவேகத்தில் 20 மீற்றர் வரை உயர்த்தவல்ல பம்பி, 70 பங்கு வேகத்தில் 9.8 மீற்றரையும், பாதி வேகத்தில் 5 மீற்றரையுமே எட்டும். கிணற்று நீர்மட்டத்திலிருந்து குழாய்வாய் 6 மீற்றர் உயரத்தில் இருப்பின், பாதி வேகத்தில் பம்பி சுழலும், நீர் ஏறாது. பம்பிக்குள் நின்ற நீர் சூடாகி முத்திரைகள் கெடும்.

கிணற்றுக்கேற்ற வேகத்தைக் காணும் முறை

1. காலையில் இறைக்குமுன், கல் கட்டிய கயிற்றைக் கிணற்றில் இறக்கி நீர்மட்டத்தில் ஒரு முடிச்சு இடுக.
2. வழமையான வேகத்தில் ஒரு மணித்தியாலம் இறைத்து, மறுபடி அளந்து இரண்டாம் முடிச்சு இடுக. இரு முடிச்சுகளுக்கும் இடைப்பட்ட தூரமே தாழ்வு ஆகும்.
3. மறுநாள் வேகத்தை நூற்றுக்கு 80 ஆகக் குறைத்து அவ்வாறே அளக்க. தாழ்வு இன்னும் மிகுதியாயின் சிறிது சிறிதாக மேலும் குறைக்க.
4. மட்டம் ஓரளவில் நிலைத்து நிற்கும் வேகமே அக்கிணற்றுக்கு ஏற்றது. குழாயில் நீர் தடையின்றி வருகின்றதா என்பதையும் உடன் கவனிக்க.
5. கோடை முதிர முதிர மட்டம் தாழும். ஆதலால் மாதம் ஒருமுறை இச்சோதனையைத் திரும்பச் செய்க. நீரின் உப்பளவையும் சோதிப்பித்துக் குறித்து வைக்க.

வயலுக்கு நீரேற்றும் கமக்காரருக்கும் இம்முறை பயன்படும். சிறுபோகத்தில் வாய்க்காலின் கடைசியில் உள்ளோர் வடிகால் நீரைப் பம்பியால் ஏற்றுவதுண்டு. வடிகாலில் வரும் நீரின் அளவுக்கு வேகத்தைப் பொருத்தினால் பம்பி காற்றை உறிஞ்சி நின்றுபோவது தவிரும்.

வாங்கும்போதும் பொருத்தும்போதும் கவனிக்க வேண்டியவை

பி.டபிள்யூ.எம். என எழுதிய பெட்டிகள் யாவும் மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்துவன அல்ல. சூரியத் தகட்டிலிருந்து பற்றரியை மின்னேற்றும் கருவியின்மேலும் இவ்வெழுத்துக்கள் உள்ளன. அது வேறு; இது வேறு. மோட்டரின் பெயர்த்தகட்டைப் பார்த்து, நேரோட்டமா ஆடலோட்டமா, ஒருகட்டமா முக்கட்டமா, எத்தனை அம்பியர் என்பனவற்றை எழுதிக்கொண்டு கடைக்குச் செல்வது நன்று.

மோட்டரைக் குளிர்விக்கும் விசிறி அதன் தண்டிலேயே உள்ளது. வேகம் குறைந்தால் விசிறியும் மெலியும். நெடுநேரம் மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டினால் மோட்டரின் உடலைத் தொட்டுப் பார்த்துச் சூட்டைக் கவனித்தல் வேண்டும். நீரில் மூழ்கிய மோட்டர்களைப் பொதுவாக 30 மீடிறனுக்குக் கீழே ஓட்டுதல் ஆகாது.

மீடிறன் மாற்றிக்கும் மோட்டருக்கும் இடைப்பட்ட கம்பி இயன்றவரை குறுகியதாக இருத்தல் வேண்டும். அவ்விடையில் கொள்ளளவி எதனையும் இணைத்தல் கூடாது. கருவியை மழையும் உப்புக்காற்றும் படாத, ஆனால் காற்றோட்டமுள்ள இடத்தில் பொருத்துக. மோட்டரின் உடலும் கருவியின் உடலும் புவியிணைப்புப் பெற்றிருத்தல் வேண்டும். ட்ரிப் சுவிச்சு இன்றியமையாதது. மின்னை நிறுத்திய பின்னரும் கருவியின் உள்ளே மின்னேற்றம் சில நிமிடங்கள் தங்கியிருக்கும். குறித்த நேரம் கழியுமுன் மூடியைத் திறத்தல் உயிருக்கு ஆபத்து. இடிமுழக்கம் மிகுந்த ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தோட்டத்தை விட்டுச் செல்லும்போது இணைப்பைத் துண்டிப்பது நலம். இணைப்பு வேலையைத் தகுதிபெற்ற மின்னியலாளரிடமே ஒப்படைக்க.

முடிவாக

மோட்டரின் வேகத்தைக் குறைப்பது கிணற்றில் இல்லாத நீரை உண்டாக்கிவிடாது. ஒரு கோடையில் கிணறு தாங்கும் அளவுக்கு மேல் இறைத்தால், எவ்வளவு மெதுவாக இறைத்தாலும் இறுதியில் உவர்ப்பே மிஞ்சும். அயற் கிணறுகளும் அதே மணலின் நீரையே பகிர்கின்றன என்பதையும் மனத்திற் கொள்ளல் வேண்டும். ஆயினும் எடுக்கும் நீரைக் கிணறு தரவல்ல வேகத்தில் எடுப்பவர், உவர்நீரைக் கீழேயே நிறுத்திக் கோடையின் கடைசிப் பாத்தி வரை நன்னீர் பாய்ச்சுவார். துலா மிதித்த நம் முன்னோர் கிணற்றின் போக்கறிந்து இறைத்தனர். அவ்வறிவை மின்மோட்டருக்கும் புகட்டும் கருவி இன்று உண்டு. மேலும் விளக்கம் வேண்டுவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரையோ கமநல சேவை நிலையத்தையோ அணுகலாம்.